கேமராவுக்கு முன் வசூல் நோட்டு: வட சென்னையில் உள்ளூர் சானல் தொடங்க நினைப்பவர்களுக்கு

உள்ளூர் சானல் தொடங்க யோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கேமரா விலைப்பட்டியலோடு வருகிறார்கள். அதை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாதம் பிறந்ததும் முதல் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று தெரியுமா?" சம்பளம் என்பார்கள், வாடகை என்பார்கள். இரண்டும் இல்லை.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் என் கொழுந்தனார் நடத்திய சானலுக்கு நான் கணக்கு எழுதினேன். விளம்பர வசூலும் என் தலையில்தான் விழுந்தது. ஷாட், லைட், எடிட்டிங் பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்; பணம் எந்த வழியில் உள்ளே வருகிறது, எந்த ஓட்டையில் வெளியே போகிறது என்பதை என்னிடம் கேட்கலாம். கீழே இருப்பது பெரும்பாலும் அதுதான்.

சிக்னல் யார் கையில்?

செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன் இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் தேவைப்படவில்லை. தெருவில் கேபிள் இழுத்தவரின் கண்ட்ரோல் ரூமில் ஒரு வி.சி.ஆர். பெட்டியும், படத்தைக் கேபிளில் ஏற்றும் ஒரு மாடுலேட்டரும் இருந்தால் போதும், காலியாகக் கிடக்கும் இடத்தில் நம் நிகழ்ச்சியைச் செருகிவிடலாம். கேபிள்காரரும் சொந்தக்காரராகவோ கூடப் படித்தவராகவோ இருப்பார்.

2003 செப்டம்பரில் கட்டணச் சானல்களுக்கான செட்டாப் பாக்ஸ் முறை சென்னையில் வந்தது. 2011-இல் கேபிள் டிவி சட்டம் திருத்தப்பட்டு, நான்கு பெருநகரங்களும் முழு டிஜிட்டலுக்கு மாற 2012 அக்டோபர் 31 கெடுவானது. சென்னையில் வழக்கு, இழுபறி என்று மேலும் சில ஆண்டுகள் ஓடின. ஆனாலும் முடிவு மாறவில்லை. டிஜிட்டலில் சிக்னல் பூட்டப்படுவது எம்.எஸ்.ஓ. என்று நாங்கள் சொல்லும் பெரிய கேபிள் நிறுவனத்தின் தலைமை நிலையத்தில். தெருக் கேபிள்காரர் அங்கிருந்து வருவதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். நடுவில் அவரால் எதையும் சேர்க்க முடியாது. ஆகவே உங்கள் சானல் தெரிய வேண்டுமென்றால் எம்.எஸ்.ஓ.விடம் போக வேண்டும், மாதாமாதம் பிளேஸ்மெண்ட் கட்டணம் கட்ட வேண்டும். மேலே கேட்ட கேள்விக்கு விடை இதுதான். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால் ஊழியர் முகம் சுளிப்பார்; பிளேஸ்மெண்ட் கட்டணம் தள்ளிப்போனால் திரை கறுத்துவிடும்.

இத்தகைய சானல்களுக்கு மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சட்டத்தின் பார்வையில் உங்கள் சானலின் பெயர் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்'. அந்த எழுத்து திரையில் தெரிய வேண்டும். பதிவு செய்பவர் எம்.எஸ்.ஓ., நீங்கள் அல்ல; ஒரு சானலுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமென்றால் அந்த எம்.எஸ்.ஓ. கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அவர்களுடைய மொத்தச் சானல் கொள்ளளவில் 5 சதவீதம் வரைதான் இப்படிப்பட்ட சானல்கள் இருக்கலாம். அதற்கு மேல் மாவட்டத்துக்கு இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். ஒளிபரப்பிய எல்லாவற்றின் பதிவும் 90 நாள் இருக்க வேண்டும்.

பணத்தைத் தொடும் விதி இன்னொன்று இருக்கிறது. ஒரு எம்.எஸ்.ஓ.வில் ஓடும் நிகழ்ச்சியை இன்னொருவருக்குத் தரக் கூடாது. கோயில் போன்ற வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு உண்டு. வட சென்னையில் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் வெவ்வேறு நிறுவனத்தின் பெட்டி இருக்கும். ஆகவே, "தண்டையார்பேட்டை முழுக்கத் தெரியும்" என்று விளம்பரதாரரிடம் சொல்லாதீர்கள். அவர் வீட்டில் தெரியவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

செயற்கைக்கோள் சானலாகவே தொடங்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்திச் சானலுக்குக் கம்பெனியின் நிகர மதிப்பு 20 கோடி ரூபாய் இருக்க வேண்டும், செய்தி அல்லாததற்கு 5 கோடி. அவ்வளவு இருப்பவர் காலடிப்பேட்டையில் வந்து என்னிடம் யோசனை கேட்க மாட்டார்.

கையெழுத்துப் போடும் முன்

எம்.எஸ்.ஓ. அலுவலகத்தில் காப்பி கொடுத்து, மொத்த இணைப்பு எத்தனை என்று பெரிய எண் ஒன்றைச் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது மொத்தம் அல்ல, உங்கள் பகுதிகளில் இந்த மாதம் உயிரோடு இருக்கும் பெட்டிகள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம், கொருக்குப்பேட்டை என்று பகுதி பிரித்து எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் தெருக் கேபிள்காரர்களிடம் போங்கள். அவர்கள்தான் வீடு வீடாகப் பணம் வாங்குகிறார்கள், எந்த வீடு டி.டி.எச்.சுக்கு மாறியது, எந்த வீட்டில் கைபேசி மட்டும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு எண்களுக்கும் இருக்கும் வித்தியாசத்தை வைத்துக் கட்டணத்தைப் பேரம் பேசுங்கள்.

சானல் எண்ணை மாற்றுவதாக இருந்தால் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எண் மாறினால் பார்ப்பவர் பாதிப் பேர் தேட மாட்டார்கள். சிக்னல் அவர்கள் தவறால் நின்றால் அந்த நாட்களுக்குக் கட்டணக் கழிவு. டெபாசிட் திரும்பத் தரும் கெடு. இந்த மூன்று வரிகளும் இல்லாத ஒப்பந்தம் வேண்டாம். "நம்முள் என்ன எழுத்து, சார்" என்று சிரிப்பவரிடம் நீங்களும் சிரித்துக்கொண்டே எழுதி வாங்குங்கள்.

கருவிகள் விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். நிகழ்ச்சி ஓட்ட ஒரு நல்ல கணினி, அது படுத்தால் மாற்ற இன்னொன்று, சிக்னல் அனுப்ப ஒரு என்கோடர், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு, பெரிய யூ.பி.எஸ். ரிச்சி தெருவில் பாதி கிடைக்கும். கேமராவைப் பழையதாகவே வாங்குங்கள், அல்லது கல்யாண வீடியோ எடுப்பவரிடம் நாள் வாடகைக்கு எடுங்கள். அறை முதல் மாடியில் இருக்கட்டும். தரைத்தளம் வாடகை குறைவு என்று ஆசைப்படுபவர்கள் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வட சென்னைத் தெருக்களில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு மாதக் கணக்கு

கீழே இருப்பவை மாதிரித் தொகைகள். உங்கள் பகுதியின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டும் முறைதான் முக்கியம்.

பிளேஸ்மெண்ட் 40,000. வாடகை 12,000. மின்சாரம் 6,000. இணையம் 3,000. கேமராமேன் 20,000. எடிட்டர் 18,000. செய்தி வாசிப்பவர் 12,000. வசூலுக்கு ஓர் ஆள் 15,000. பெட்ரோல் 5,000. கூட்டினால் 1,31,000 ரூபாய். முதலாளிக்கு இதில் ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் விளம்பரத்துக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வையுங்கள். 88 கடை பிடித்தால் செலவு அடைந்துவிடும் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் ஒப்புக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் அந்த மாதம் தர மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். அப்போது ஒரு விளம்பரத்தின் உண்மையான மதிப்பு 1,000 ரூபாய்தான். வேண்டியது 131 விளம்பரம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உள்ளூர் சானல்கள் மூழ்குகின்றன.

இன்னும் முடியவில்லை. 131 விளம்பரத்துக்கு ஆண்டுக்கு பில் போட்டால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும், ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 18 சதவீத வரியோடு ஒரு பில் 1,770 ரூபாய். பில் போட்டதற்குத்தான் வரி. பணம் வந்ததற்கு அல்ல. பணம் தராத 44 பேருக்கான வரி 11,880 ரூபாயை நீங்கள் உங்கள் பையிலிருந்து அரசுக்குக் கட்ட வேண்டும். பிளேஸ்மெண்ட் பில்லில் எம்.எஸ்.ஓ.வுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம், அது ஆறுதல். ஆனால் வராமலே போன பணத்துக்குக் கட்டிய வரியை வாராக்கடன் என்று காட்டித் திரும்பப் பெற வழியில்லை. எனவே என் முதல் விதி: முன்பணம் வராமல் புது ஸ்க்ரோல் ஓடாது, பில்லும் எழுதப்படாது. மூன்று மாதம் சேர்த்துக் கட்டுபவருக்குக் கழிவு கொடுங்கள். நான்காவது மாதம் இலவசம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இலவச மாதம் முடிந்ததும் அவர் இன்னொரு இலவச மாதம் கேட்பார்.

இந்தத் தொகையில் ஆறு மாதச் செலவு வங்கியில் இருந்தால் தொடங்குங்கள். இல்லையென்றால் யூடியூபில் நடத்திப் பழகுங்கள். அதில் எனக்கு ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

யார் உண்மையிலேயே பணம் தருகிறார்கள்?

எல்லோரும் கடை விளம்பரத்தை நம்பித் திட்டம் போடுகிறார்கள். என் வசூல் நோட்டு வேறு கதை சொன்னது. எங்கள் பக்கத்தில் தவறாமல் பணம் வருவது மனித முகம் இருக்கும் விளம்பரத்துக்கு: பிறந்தநாள், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, திருமண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவு. கடைக்காரருக்கு விளம்பரம் ஒரு செலவு. எதைத் தள்ளிப்போடலாம் என்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது நாம்தான். தாத்தாவின் நினைவு நாளை யாரும் அடுத்த மாதத்துக்குத் தள்ள மாட்டார்கள்.

கண்ணீர் அஞ்சலிக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். துக்க வீட்டுக்கு நாமாகப் போய்க் கேட்கக் கூடாது. படம் பெரிதாக்க ஃபோட்டோ ஸ்டுடியோவுக்கு வரும் குடும்பம் தானாகக் கேட்டால் நம் எண்ணைத் தரும்படி ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி வைத்தால் போதும். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் ஸ்லைடு போடாதீர்கள். உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி போட வைத்துப் பகை தீர்க்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். ஸ்லைடைத் தயாரித்ததும் அவர்களிடமே காட்டிப் பெயர்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது மருமகன் பெயர் விடுபட்டால் சண்டை அவர்கள் வீட்டில் நடக்காது, உங்கள் அலுவலக வாசலில் நடக்கும். தேதியைத் தனி நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த நாளுக்கு ஒரு வாரம் முன் தொலைபேசியில், "அய்யாவின் நினைவு நாள் வருகிறதே" என்றால் போதும். விலை பேசக்கூட மாட்டார்கள்.

கடைகளுக்கு மாதம் பார்த்துப் போக வேண்டும். ஆடியில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் தள்ளுபடிக்காகக் கையைத் திறக்கும்; அதே மாதம் அம்மன் கோயில் கூழ் வார்த்தலுக்குத் தெருவுக்குத் தெரு விழாக் குழுக்கள் இருக்கும். புரட்டாசியில் பிரியாணிக் கடையை விட்டுவிடுங்கள். ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்புகளும் ஆட்டோ நிறுத்தங்களும் வாழ்த்து போடும், தீபாவளிக்குச் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது காசிமேட்டில் ஐஸ் கம்பெனியிடம் போய் விளம்பரம் கேட்பவர் ஊருக்குப் புதியவர். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் அந்த நாட்களில்தான். பெயிண்ட், வலை, எஞ்சின் உதிரிபாகம் விற்பவர்களுக்கு அதுதான் பருவம். பள்ளிச் சேர்க்கையும் டியூஷன் சென்டர்களும் அப்போதே வரும்.

இந்தச் சுற்றைப் பார்த்தால் சானலை எந்த மாதம் தொடங்க வேண்டும் என்பது விளங்கும். ஆவணி. அடுத்தடுத்து ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று பணம் வரும் மாதங்கள் இருக்கும். கடைகள் சோரும் தடைக்காலத்துக்குள் கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். தையில் தொடங்கினால் மூன்றே மாதத்தில் கோடை வந்து நிற்கும்.

தொடக்க விழாவுக்குப் பந்தல், பொன்னாடை, பிளக்ஸ் என்று ஒரு மாதச் செலவைக் கரைக்காதீர்கள். அரசியல்வாதியை வைத்துப் பொத்தானை அழுத்தவும் செய்யாதீர்கள். ஒரு கட்சிக்காரர் அழுத்தினால் மற்றக் கட்சி ஆதரவுக் கடைகள் உங்களைத் தங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடும். பக்கத்துப் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் போதும். பாதித் தொகுதி அவரிடம் படித்திருக்கும்.

வசூல்

எம்.சி. ரோட்டில் வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகக் கூடாது என்பவர்கள் உண்டு. விளக்கு வைத்த பிறகு கல்லாவைத் திறக்காதவர்கள் உண்டு. முதல் போணி ஆகும் முன் வசூலுக்கு வரும் ஆளின் முகத்தையே பார்க்க விரும்பாதவர்கள் உண்டு. இதைப் பற்றி விவாதிக்கப் போகாதீர்கள். நோட்டில் கடைப் பெயருக்கு எதிரே எந்தக் கிழமை, எந்த நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாகப் பகல் பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை நல்ல நேரம். காசிமேட்டில் ஞாயிறு வியாபாரம் முடிந்த திங்கட்கிழமை போக வேண்டும்.

"அக்கா, அடுத்த மாதம் சேர்த்துத் தந்துவிடுகிறேன்" என்பது மறுப்பு. அதைச் சம்மதம் என்று எழுதாதீர்கள். "ஐந்நூறு இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்; பாதியைத் தருபவர் மீதியையும் தருவார். வசூலுக்குப் போகும் ஆள் ஒருவரே இருக்க வேண்டும். கேமராமேன் ஒரு நாள், செய்தியாளர் ஒரு நாள் என்று போனால், "நேற்று உங்கள் ஆளிடம் கொடுத்தேனே" என்ற பேச்சு வரும், அது பொய்யா உண்மையா என்று கண்டுபிடிக்க முடியாது. கியூ.ஆர். கோடு வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் கோடு சானலின் கணக்குக்கு இருக்க வேண்டும், ஊழியர் கைபேசிக்கு அல்ல.

ஏற்கெனவே ஓடும் ஸ்க்ரோலுக்கு அந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்குள் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், சொல்லாமல். இரண்டு நாளில் கடைக்காரர் தொலைபேசியில் கோபப்பட்டால் மகிழுங்கள்: அவர் பார்க்கிறார், அவர் வாடிக்கையாளர் பார்க்கிறார், பணம் வரும். மாதம் முடிந்தும் அவர் கவனிக்கவே இல்லையென்றால் அந்தக் கடைக்கு நம் விளம்பரத்தால் ஒரு பயனும் இல்லை. அடுத்த ஆண்டு அங்கே நேரம் செலவழிக்காதீர்கள்.

பணத்துக்குப் பதில் பொருள் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அலுவலகத்துக்கு உண்மையில் தேவைப்படும் பொருளாக இருந்தால் மட்டும் சரி. எங்கள் ஊழியர் எல்லோரும் ஒரு தீபாவளிக்கு ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு நின்றதற்கு இதுதான் காரணம். பண்டமாற்றுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதை மறக்காதீர்கள். சட்டையைக் கொடுத்து வரி கட்ட முடியாது.

கை நீட்டக் கூடாத பணம்

பேரம் பேசாமல் உடனே பணம் தருபவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சர்க்கரை நோயை ஒரே மாதத்தில் குணமாக்குவேன், ஆண்மைக் குறைவுக்கு மருந்து தருவேன் என்று வரும் வைத்தியர்கள் இரட்டிப்பு விலையும் தருவார்கள். 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மருந்து என்று விளம்பரம் போட்டால் போடுபவரும் மாட்டிக்கொள்வார். மது, புகையிலைக்கும் தடை. மீஞ்சூருக்கு அப்பால் மனை விற்பவரிடம் ரியல் எஸ்டேட் ஆணையப் பதிவு எண் கேளுங்கள். எண் திரையில் வர வேண்டும். பதிவில்லாத தீபாவளிச் சீட்டு எனக்குத் தனிப்பட்ட முறையிலேயே ஆகாது. சீட்டு முறிந்தால் பெண்கள் சீட்டுக்காரரைத் தேட மாட்டார்கள், அவரை டிவியில் காட்டியவர்களைத் தேடி வருவார்கள்.

ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் டிவி விதி. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் நம் நிகழ்ச்சிகளுக்கான சொந்த விளம்பரம். புகார் வந்தால் விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்ட நடுவர், காவல் ஆணையர் ஆகியோருக்கு இருக்கிறது.

தேர்தல் காலம் வந்தால் எல்லாச் சானலும் கனவு காணும். கனவு காணுங்கள், ஆனால் காகிதத்தை முதலில் வாங்குங்கள். அரசியல் விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்அனுமதி வேண்டும். கட்சியும் வேட்பாளரும் மூன்று நாள் முன்பாக, மற்றவர்கள் ஏழு நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும். குழு இருப்பது மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம்; சென்னைக்கு அவர் மாநகராட்சி ஆணையர். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் திரையில் தேர்தல் பேச்சே கூடாது. பேட்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு செய்தி என்று போடாதீர்கள். பணம் முழுவதும் முன்னதாக. தோற்ற வேட்பாளரிடம் பாக்கி கேட்பது கடினம், வென்றவரிடம் கேட்பது இன்னும் கடினம்.

எதை ஒளிபரப்புவது?

சினிமாப் பாட்டு போட்டு நாளை ஓட்டலாம் என்ற பழக்கம் பழைய கேபிள் காலத்தின் மிச்சம். உரிமை வாங்காமல் ஓட்டினால் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். படம் தேவையே இல்லை. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் கவசமின்றித் தரிசனம் தருவார். அந்த மூன்று நாளும் கோயில் நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடு நேரலை போட்டால் வரிசையில் நிற்க முடியாத பெரியவர்கள் எல்லோரும் உங்கள் பார்வையாளர்கள். கானா பாடுபவர்களை அழைத்துச் சொந்தப் பாட்டைப் பாட வையுங்கள், உரிமைக் கடிதம் வாங்கிக்கொண்டு.

கேரம் போடுங்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கொரு கேரம் கிளப் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீரர், அவருக்கு ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடை. போர்டுக்கு நேர் மேலே ஒரு கேமராவைத் தொங்கவிட்டால் போதும். செலவு குறைவு, காயின், பவுடர் விற்பவரே ஸ்பான்சர்.

செய்தி விஷயத்தில் ஒரே சொல். சாக்கடை நிரம்பிய தெருவைக் காட்டினால் அந்த வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் உங்களுக்கு விளம்பரம் தருபவராக இருப்பார். அவரிடமும் கருத்துக் கேட்டு ஒளிபரப்புங்கள், காட்டாமல் விடாதீர்கள். விளம்பரம் ஒன்று போகும். காட்டாமல் விட்டது தெருவுக்குத் தெரிந்தால் எல்லாமே போகும்.

கடனும் ஆட்களும்

பணம் முட்டும்போது தண்டல்காரர் அலுவலகத்துக்கே வருவார். பத்தாயிரம் என்று எழுதி, முன்பிடித்தம் போக மீதியைத் தருவார்; தினம் நூறு, நூறு நாள். காய்கறி விற்பவருக்குத் தினமும் காசு புழங்குகிறது, அவரால் சமாளிக்க முடியலாம். நமக்குப் பணம் வருவது மாதத்தில் சில நாட்கள். தினத் தவணை நம் தொழிலுக்குப் பொருந்தவே பொருந்தாது. மீட்டர் வட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதற்கென்றே 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். கடன் வேண்டுமென்றால் வங்கியில் முத்ரா கேளுங்கள், நகை இருந்தால் வங்கியிலேயே வையுங்கள். கடன் வாங்கி என்கோடர் வாங்கலாம். கடன் வாங்கிச் சம்பளமோ பிளேஸ்மெண்டோ கட்டத் தொடங்கினால் சானல் முடிந்துவிட்டது என்று பொருள், அறிவிப்புதான் பாக்கி.

அடையாள அட்டை விற்காதீர்கள். சம்பளம் இல்லை, மைக்கும் அட்டையும் தருகிறோம், நீங்களே விளம்பரம் பிடித்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று இளைஞர்களை இறக்கிவிடும் சானல்கள் உண்டு. அந்த இளைஞர் ஒரு மாதம் விளம்பரம் கேட்பார். அடுத்த மாதம், "செய்தி போட்டுவிடுவேன்" என்று மிரட்டத் தொடங்குவார். காவல் நிலையத்தில் உங்கள் சானல் பெயர்தான் எழுதப்படும். மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தால் மூன்று பேரோடு நடத்துங்கள்.

பங்குதாரர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மூன்றாவது பங்குதாரர் பணத்தைவிடத் தன் பிறந்தநாள் ஒளிபரப்பை அதிகம் எதிர்பார்ப்பார்.

மூட வேண்டி வந்தால்

மூடுவதற்கும் முறை இருக்கிறது. இரண்டு மாதம் தொடர்ந்து பிளேஸ்மெண்ட் கட்டணத்தை வசூலிலிருந்து கட்ட முடியவில்லை என்றால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஒப்பந்தப்படி எம்.எஸ்.ஓ.வுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள், டெபாசிட்டைக் கேட்டு அதே கடிதத்தில் எழுதுங்கள். முன்பணம் கட்டிய விளம்பரதாரர்களுக்கு ஓடாத நாட்களின் தொகையைத் திருப்பிக் கொடுங்கள். நாளை வேறு தொழில் தொடங்கினாலும் அதே எம்.சி. ரோட்டில்தான் நடக்கப் போகிறீர்கள். ஊழியர் சம்பளம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி நாள் வரையான ஒளிபரப்புப் பதிவை எம்.எஸ்.ஓ.விடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். 90 நாள் கணக்கு மூடிய பிறகும் ஓடும். கோயில் விழாப் பதிவுகளை ஒரு வட்டில் போட்டுக் கோயில் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு உதவும். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்து உத்தரவு வந்த மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்; பதிவை அப்படியே விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். பில் புத்தகத்தில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுதிப் பூட்டி வையுங்கள். சானல் பெயரில் வேறு யாராவது போய் வசூல் செய்துவிட்டு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.